ஒருத்தியும் முன்வரவில்லையாம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைப்பலகையில் ‘இன்று பூட்டு’ என்பதுதான். விளையாட்டுக் கழகத்து மலர் அச்சடிக்கும் தம்பிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைத் திருத்துங்கள். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

கழக மலருக்குப் பழைய ஞாபகம் ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டேன். உப்புவெளியில் சைக்கிள் திருத்துகிறவன் நான். கழகத்துப் பந்துகளுக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்ததைத் தவிர எனக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் போன மாதம் நடந்த பரிசளிப்பு விழாவுக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த விழாவில் பேசியவர் முன்பு விளையாட்டு உத்தியோகத்தராக இருந்தவர். இப்போது ஓய்வு. மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இண்டைக்கு இத்தனை பெண்பிள்ளையள் விளையாடுறதைப் பார்க்கச் சந்தோசமாக் கிடக்கு. யுத்த காலத்தில தேசிய இளையோர் அணிக்கு எங்கட மாவட்டத்தில ஆள் கேட்டவை. அனுப்ப ஆளில்லை. ஒருத்தியும் முன்வரேல்லை.”

சனம் கைதட்டியது. என் பக்கத்துக் கதிரையில் என் மருமகள் இருந்தாள், என் அக்காவின் மகள். அவளுடைய மகளுக்கு அன்று பதக்கம். பேச்சைக் கேட்டுக்கொண்டே மருமகள் தன் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

எழும்பிப் பேச வேண்டும் போல எனக்கு இருந்தது. கூட்டத்தில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கடைக்கு வருகிறவர்களோடேயே சைக்கிள் சில்லைப் பார்த்துத்தான் கதைப்பேன். அன்றும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்தக் கோபம் என்னோடு வீட்டுக்கு வந்தது. சோறு தின்னும்போதும் பக்கத்தில் இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

என் மருமகள் முன்வந்தாள். பதினைந்து வயதில், சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் முன்வந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றவன்.

அவள் கோல் காப்பவள், கோல் கீப்பர். எங்கள் பக்கத்து மைதானத்தில் புல் இல்லை, செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த கிறவல்தான். கிறவலில் பாய்ந்து விழுந்தால் தோல் வராமல் எழும்ப முடியாது. முழங்கை, முழங்கால், இடுப்பெலும்பு எல்லாம் காயும் முன்னரே திரும்ப உரியும். பின்னேரம் கடைக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

“மாமா, இதுக்கு இன்னொரு ஒட்டுப் போட்டா இது பந்தில்லை, உங்கட ரியூப் கடை.”

“உன்ர முழங்காலுக்கும் ஒண்டு போட்டு விடட்டோ?”

“அதுக்கு ஒட்டுற சொலுசன் காணாது மாமா.”

மற்றவர்களோடு எனக்கு இப்படிக் கதை வராது. அவளோடு வரும்.

அந்த வருடம் ஆசிய இளையோர் பெண்கள் போட்டிக்கான தகுதிகாண் சுற்று வந்தது. வெளிநாட்டில் நடந்தது. அதற்குப் போகும் அணிக்கு மாவட்டம் மாவட்டமாக ஆள் பார்த்தார்கள். எங்களிடம் பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவரே இந்த உத்தியோகத்தர்தான். அவளுடைய கோலுக்குப் பின்னால் நின்று, “இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை” என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கடைசித் தெரிவு கொழும்பில், ஒரு சனிக்கிழமை காலை. கோல் காக்க இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், அன்று வராதவருக்கு இடமில்லை என்று சொன்னார்கள்.

செய்தி வந்த அன்றே அவள் அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலைக் கழுத்தோடு வெட்டிவிட்டாள். பாயும்போது பின்னல் கண்ணில் அடிக்கிறதாம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“எடியே, உன்னை இந்தக் கோலத்தில பார்த்தா என்ன நினைப்பாங்கள்? கட்டை முடி, கையெல்லாம் காயம். இயக்கத்தில இருந்து வந்தவள் எண்டுதான் பிடிப்பாங்கள்.”

“பந்து பிடிக்கிறவளை ஆரம்மா பிடிக்கிறது?”

“கதைக்காதை! வாய் மட்டும் நீளமாக் கிடக்கு. முடியைக் காணேல்லை.”

அக்காவின் பயத்தை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். இராணுவச் சோதனைச் சாவடிகளில் பெண்பிள்ளைகளின் முழங்கையையும் முழங்காலையும் பார்ப்பார்கள். ஊர்ந்து பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று. ஒரு முழங்கால் எப்படி உரிந்தது என்று கேட்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிவு செய்தார்கள். மற்றப் பக்கம், இயக்கத்துக்கு ஆள் சேர்க்க, வேகமாக ஓடுகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று மைதானத்து ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விசாரித்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பிள்ளை பந்துக்குப் பின்னால் ஓடுகிறாள் என்பது மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை.

அவளுடைய அப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். கொழும்புக்குக் கூட்டிப் போக நான்தான். வெள்ளிக்கிழமை விடிய பஸ். அக்கா முதல்நாளே ஆயத்தம் செய்திருந்தாள். நீளக்கைச் சட்டை, கணுக்கால் வரை பாவாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கல்யாணத்துக்கு வைத்துப் பின்னிய சவுரியை, அந்தப் பொய்முடியை, அலுமாரியிலிருந்து எடுத்து மகளின் கட்டை முடியோடு சேர்த்து இறுக்கிப் பின்னி, கறுப்பு நூலால் சுற்றி, நுனியில் ரிப்பன் கட்டினாள். பூவும் வைத்தாள். கோயிலுக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டாள்.

“மாமா, என்னைப் பொம்பிளை பார்க்க ஆரும் வருகினமோ?” என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். அக்கா மண்டையில் ஒரு குட்டுக் குட்டினாள்.

கண்டி வீதியில் ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, மற்றப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். பெண்களைச் சோதிக்கச் சாக்கு மறைப்பு ஒன்று. அவள் உள்ளே போனாள். நான் பந்தையும் பையையும் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

உள்ளே ஒரு கத்தல் கேட்டது. சோதித்த பெண் வெளியே ஓடி வந்தாள். அவள் கையில் பின்னல் தொங்கியது. பூவோடு, ரிப்பனோடு, முழுப் பின்னலும். பின்னலுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்திருக்கிறாள். அது கையோடு வந்துவிட்டது.

பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல எனக்கு ஏலாது. துவக்குகள் திரும்பின. பஸ்ஸில் வந்த சனம் எங்களைத் தெரியாத மாதிரி விலகியது. அவளை மண்ணில் முழந்தாளில் இருத்தி, சட்டைக் கையை மேலே சுருட்டினார்கள். முழங்கைக் காயம் வெளியே வந்தது. பாவாடையை முழங்கால் வரை தூக்கச் சொன்னார்கள். அத்தனை ஆண்கள் நிற்கும் இடத்தில்.

பொறுப்பாக இருந்தவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

“பொய் முடி ஏன் போட்டது?”

“அம்மா கட்டிவிட்டவ, சேர். நான் கோல் கீப்பர். நாளைக்குக் கொழும்பில செலக்சன்.”

“கோல் கீப்பர் எண்டா மறைக்கிறது ஏன்?”

என்ன பதில் சொல்வது? மறைக்காமல் வந்திருந்தால் காயத்துக்காகப் பிடித்திருப்பார்கள். மறைத்ததற்காக இப்போது பிடித்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் என் அக்காவைக் குறை சொல்ல நான் ஒருவனையும் விடமாட்டேன். அந்தப் பின்னலைக் கட்ட வைத்தவர்கள் யார் என்று கேளுங்கள்.

என் கையிலிருந்த பந்தை வாங்கினார்கள். தட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கத்தியால் கீறிப் பிளந்தான். உள்ளே நான் போட்ட ஒட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

“பந்து என்ன செய்தது சேர்?” என்று கேட்டாள்.

பஸ் போய்விட்டது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. விளையாட்டு உத்தியோகத்தரின் பேரைச் சொல்லி, “அவரிட்ட ரெலிபோனில கேளுங்கோ சேர், அவர்தான் பிள்ளையைத் தெரிவு செய்தவர்” என்றேன். பொறுப்பானவர் உள்ளே போனார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த பஸ் எத்தனை மணிக்கு மாமா?” என்றுகூடக் கேட்டாள்.

அவர் வெளியே வந்து எங்களைப் பார்க்காமலே சொன்னார்: “அவருக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாதாம்.”

உத்தியோகத்தருக்கும் பயம் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் யாருக்குத்தான் பயமில்லை? அதற்காக நான் இத்தனை வருடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. சந்தையில் கண்டால் தலையாட்டினேன். அவருடைய சைக்கிளுக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தேன்.

எங்களை அங்கேயே இருத்தி வைத்தார்கள். அன்று இரவு கொழும்பிலிருந்து திரும்பி வந்த அதே பஸ்ஸின் கொண்டக்டர் எங்களைக் கண்டு, ஊருக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை அக்காவோடு பள்ளிக்கூட அதிபர் வந்தார். வயதான மனுசி, நாரி வலிக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். “இவள் என்ர பிள்ளை. எங்கட பள்ளிக்கூடத்து கோல் கீப்பர். என்னை வைச்சுக்கொண்டு இவளை விடுங்கோ” என்று அங்கிருந்த மர வாங்கில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் விட்டார்கள். அவருக்கும் பயம் இருந்தது. ஆனாலும் வந்தார்.

அந்த நேரம் கொழும்பில் தெரிவு முடிந்துகொண்டிருந்தது. சவுரியைத் திருப்பித் தரவில்லை. பந்தின் தோலை அவள் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு வானொலியில் கேட்டோம். எங்கள் நாட்டு அணி தகுதிகாண் சுற்றில் எல்லா ஆட்டத்திலும் தோற்று முதலிலேயே வெளியேறியது. இவள் நின்றிருந்தால் வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தோற்கவாவது அவளை அங்கே நிற்க விட்டிருக்கலாம். செய்தி முடிய அவள் சொன்னது ஒன்றுதான்: “எனக்கெண்டால் கோல் கொஞ்சம் குறைச்சு விழுந்திருக்கும் மாமா.” அதற்குப் பிறகு கோலுக்குள் நிற்கவில்லை. முடியையும் வெட்டவில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, சொந்த முடி.

பரிசளிப்பு முடிந்து வரும் வழியில் அவளுடைய மகள் பதக்கத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “அம்மா, உங்கட காலத்தில ஒருத்தரும் விளையாடேல்லையோ?”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். “என்ர மாமாவிட்டக் கேள்” என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். மலரில் இதைப் போட வேண்டும். அந்தப் பெரியவரின் வாழ்த்துச் செய்தியும் இதே மலரில் வருகிறதாம், வரட்டும். இரண்டையும் சனம் படிக்கட்டும். அவர் மறுக்க விரும்பினால் என் மருமகள் வீட்டுக்கு வரலாம். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டச் சொல்கிறேன். கிறவல் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

கடையைப் பூட்டிவிட்டு, குசினி மேசையில் இருந்து எழுதி முடித்தது, ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் நாள்.