வாடிய சோளம்

காரிமங்கலம் பக்கம் வறட்சிச் சேதம் பார்க்கப் போனபோது அந்த அம்மாவைச் சந்தித்தேன். நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த உதவி வேளாண்மை அலுவலர். வெயிலில் ஒடுங்கிய முகம் அவருக்கு. யாரிடம் பேசினாலும் பயிரைப் பார்த்தே பேசுவார்.

முழங்கால் உயரச் சோளம் இலை சுருண்டு நின்றது.

“செத்த பயிரும்மா. அறுத்து மாட்டுக்காவது போடுங்க” என்றேன்.

“போன வருசமும் ஒரு சாரு இப்படித்தான் சொன்னாரு. மழையில்லாம வாடுன எளஞ்சோளத்துல வெசம் இருக்குமாம், பொறவுதான் தெரிஞ்சுது. தின்ன எடத்துலயே ரெண்டு மாடும் உழுந்துச்சு. இது சாவல. ஈரம் போவாம இருக்க எலயச் சுருட்டிக்கிட்டு நிக்குது. நீ கெளம்பு.”

இரண்டு வாரம் கழித்து மழை பெய்தது. மறுபடி போனேன். இலைகள் விரிந்து, புதுக்குருத்தும் விட்டிருந்தது.

“தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க.”

அவர் திரும்பவே இல்லை.

“பக்கத்து ஊருலயும் இதயேதான் சொன்னியாமே? அங்க மாடுங்க எப்பிடி இருக்குதுன்னு போய்ப் பாத்தியா?”

அங்கே சொன்னது இவரைச் சந்திப்பதற்கு முன்பு. நான் போய்ப் பார்க்கவில்லை. விஷம் என்று தெரிந்த பிறகும் வெட்கத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். வண்டியை அந்த ஊருக்குத் திருப்பினேன்.