ஓட்டை விழுந்த இலைக்கு அம்பு ஸ்டிக்கர்

திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் மேசையில இருபத்திரண்டு வருஷம் நின்னவ நான். மேசைக்கு மேல டியூப் லைட்டு, கையில சின்னக் கத்தரி, பக்கத்துல ஒரு தாள் நிறையச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பீஸ்ல ஊசி ஓட்டை இருந்தாலும், எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும், அம்பு நுனி அந்தக் குறையைக் காட்டற மாதிரி ஒட்டி ரிஜெக்ட் கூடையில வீசணும். கார்ட்டன்ல எத்தனை பீஸ் குறையுதோ, அதே சைஸ், அதே ஷேட்ல வேற பீஸ் எடுத்து நிரப்பணும். நான் வர்றதைப் பார்த்தாலே டெய்லருங்க "கழுகு வந்துருச்சுப்பா"ம்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

கடைசியில முட்டி ரெண்டும் மக்கர் பண்ணிருச்சு. நின்னு பார்க்கற வேலையை விட்ரச் சொல்லி டாக்டர் சொல்லிட்டாரு. ஊட்டுல உட்கார்ந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். அவிநாசி போற வழியில இருக்கற மரப்பூங்காவுல நாத்துப் பண்ணைக்கு ஆள் வேணும்னு போர்டு வெச்சிருந்தாங்க. உட்கார்ந்தே செய்யலாம்னாங்க. போய்ச் சேர்ந்துட்டேன்.

பூங்கான்னா ஊஞ்சல் இருக்கும், ஐஸ் வண்டி நிக்கும்னு நெனச்சேன். ஒரு மண்ணும் இல்லை. எங்க திரும்பினாலும் மரம்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பலகை: பேரு என்ன, எந்த மண்ணுல வளரும், அதை நம்பி எந்தக் குருவியும் பூச்சியும் பொழைக்குது. ஞாயித்துக்கிழமை யாரு வேணாலும் வரலாம், கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பூதக்கண்ணாடியை வெச்சுக்கிட்டுப் பட்டையைப் பார்த்துட்டுத் திரியும். விதைக்குன்னே ஒரு குளுகுளு ரூம் உண்டு, அங்க டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருப்பாங்க. எங்க வேலூர்ப் பெரியம்மா ஊறுகாய் கூட அத்தனை பத்திரமா வெச்சதில்லை.

இதையெல்லாம் கட்டி மேய்க்கறது ஒரு ஆராய்ச்சி மேடம். திருநெல்வேலிப் பக்கத்துப் புள்ளை, என் மகளை விடச் சின்னவங்க. திங்கக்கிழமை ஆனா நோட்டும் கையுமா மரம் மரமாப் போவாங்க. எது துளிர் விட்டுது, எது இலை உதிர்த்துச்சு, எதுல மொட்டு வந்துச்சுன்னு எழுதுவாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங் மேடம், மரம் என்ன ஓடியா போயிரும்? வாராவாரம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க?"

"ஓடாதுக்கா. ஆனா மழை தப்புனா அது பூக்குற நாளும் தப்புது. எழுதி வச்சாத்தான தெரியும், எந்த மரம் தாங்குது, எது தாங்கலைன்னு."

அட, இதுவும் செக்கிங்தானே! அன்னையில இருந்து எனக்கு அந்தப் புள்ளையை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

நாத்துப் பண்ணையில என்கூட இன்னொரு ஆளு, ஒடிசாக்காரர். நிட்டிங் மெஷின் ஓட்டி ஓட்டிக் காது மந்தமாயிப் போய் இங்க தண்ணி பாய்ச்ச வந்தவரு. அவரு என்னை அக்காம்பாரு, நான் அவரை அண்ணாம்பேன். யாரு மூத்தவங்கன்னு இன்னைக்கு வரைக்கும் முடிவாகலை.

ஒரு நாள் மேடம் ஒரு தட்டு நாத்தை என்கிட்ட கொண்டாந்து வெச்சாங்க. மொத்தம் பத்து கன்னு, ஒவ்வொண்ணும் ஒரு சின்ன பாலித்தீன் பையில, விரல் நீளம்தான் இருக்கும். ஒவ்வொரு காம்புலயும் மூணு மூணு இலை. மாவிலங்கம்னாங்க. பக்கத்து ஊர்க் குளத்தங்கரையில தாத்தா காலத்து மரம் ஒண்ணு நின்னுச்சாம். இலையெல்லாம் கொட்டிட்டு வெள்ளை வெள்ளையாப் பூத்து நிக்குமாம். ரோடு அகலப்படுத்தறோம்னு வெட்டிட்டாங்க. விழுந்து கிடந்த மரத்துல இருந்து கடைசிப் பழத்தை இவங்க பொறுக்கிட்டு வந்து, ஒரு கைப்பிடி விதை போட்டு, முளைச்சது இந்தப் பத்தேதான்.

"அந்த மரத்துக்கு வேற வாரிசு கிடையாதுக்கா. வறட்சியை எத்தனையோ தடவை தாங்கி நின்ன மரம், அந்தக் குணம் இதுகளுக்குள்ள இருக்கும். நான் உடுமலைப் பக்கம் விதை எடுக்கப் போறேன், வர ஒரு வாரம் ஆவும். பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மேடம். என்கிட்ட குடுத்தாச்சுல்ல"ன்னேன்.

அஞ்சாம் நாள் காலையில பார்க்கறேன். பத்து கன்னுலயும் இலை ஓட்டை! ஓரமெல்லாம் கடிச்சுக் கிடக்குது. நல்லதா ஒண்ணு தேறுமான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒண்ணுகூடத் தேறலை. மேடம் வந்து இந்தத் தட்டைப் பார்த்தா என்ன நெனைக்கும்? செக்கிங்ல இருந்து வந்தவ லட்சணம் இதான்னு நெனைக்காதா?

கை தானா வேலை செஞ்சுது. பைக்குள்ள பழைய ஸ்டிக்கர் தாள் ஒண்ணு கிடந்துச்சு, ஞாபகார்த்தமா வெச்சிருந்தது. ஒவ்வொரு கன்னுலயும் ஓட்டையைப் பார்த்து ஒரு அம்பு ஒட்டினேன். பத்தையும் கூடையில போட்டேன். அடுத்த பாத்தியில மூணு இலை விட்ட கன்னு வரிசையா நின்னுச்சு, ஒரு கீறல் இல்லை. வெளிச்சத்துல பிடிச்சு ஷேட் பார்த்து, உயரம் பார்த்து, பத்து பொறுக்கித் தட்டுல நிரப்பினேன். பத்துக்குப் பத்து, ஒரே அளவு, ஒரே நிறம். கப்பல் ஏத்தலாம்.

கூடையைத் தூக்க வந்த ஒடிசா அண்ணன் தட்டை உத்துப் பார்த்தாரு. "அக்கா, இது வேற அக்கா"ன்னாரு.

"உங்க வேலையைப் பாருங்கண்ணா. இருபத்திரண்டு வருஷமா எத்தனை லட்சம் பீஸ் பார்த்திருக்கேன் நான்! எனக்கே செக்கிங் சொல்லித் தர்றீங்களா?"ன்னு ஒரு கத்து கத்தினேன். அந்த மனுஷன் கூடையைத் தூக்கிட்டுப் போய், பண்ணையில கழிச்ச மத்த நாத்தோட சேர்த்து, பையை உரிச்சுப் போட்டுட்டு எருக்குழியில கொட்டிட்டாரு.

மறுநாள் மத்தியானம் மேடம் வந்தாங்க. பையைக்கூட இறக்கி வைக்கலை, நேரா தட்டுகிட்டதான் போனாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு, பாராட்டு வரும்னு நிக்கறேன். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாங்க. இன்னொரு கன்னு, இன்னொரு கன்னுன்னு பத்தையும் மோந்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"யக்கா, இது வில்வம். என் மாவிலங்கம் எங்க?"

நாங்க தலைமுறை தலைமுறையா சர்ச்சுக்குப் போற குடும்பமுங்க, வில்வம் எங்கூட்டுல எதுக்குப் புழங்குது? ஓரமா நின்ன ஒடிசா அண்ணன் மெதுவா, "பேல் அக்கா. சிவன் இலை. நான் சொன்னது"ன்னாரு. பூமி பொளந்து என்னை உள்ள வாங்கிக்காதான்னு இருந்துச்சு.

"எல்லாம் ஓட்டை விழுந்திருச்சுங்க மேடம். அதான் கழிச்சுட்டேன்."

"ஓட்டை விழத்தானக்கா செய்யும்! ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி இருக்கு, ரெக்கை நுனி ஆரஞ்சா இருக்கும். அது முட்டை வைக்க இந்த மரத்தையும் இதோட சொந்தக்கார மரத்தையும்தான் தேடும். இலை மேல உக்காந்து காலாலே தடவி ருசி பாத்து, சரியான மரந்தான்னு தெரிஞ்ச பொறவுதான் முட்டை வைக்கும். அந்தப் புழு கடிச்சாத்தான் எனக்குச் சந்தோசமே. ஏ யம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய!"

காலால தடவிப் பார்க்குமாமே! நாங்க துணியை விரலால தடவிப் பார்க்கற மாதிரி. அந்தப் பூச்சி பாஸ் போட்ட பீஸை எல்லாம் நான் ரிஜெக்ட் பண்ணி இருக்கேன். ஆண்டவரே!

மேடம் கண்ணுல தண்ணி நின்னுச்சு. வெட்டின மரத்தைப் பார்த்தப்போகூட அழுகலை, இப்பத்தான் அழுகை வருதுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் என் முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியலை. எருக்குழிக்கு ஓட்டம்.

குழி நிறையக் கழிச்ச நாத்து. வாடினது, அழுகினது, களைன்னு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. பையை உரிச்சாச்சு, எது எந்தக் கன்னுன்னு சொல்ல வழியே இல்லை. மேடம் குழியோரத்துல தலையில கையை வெச்சு நின்னுட்டாங்க.

"மேடம், அழுகாதீங்க கண்ணு. சிவப்பு அம்பு இருக்கும், பாருங்க. இலையிலதான் ஒட்டியிருக்கேன்."

"அம்பா? என்ன அம்பு?"

"ஓட்டையைக் காட்டறதுக்குங்க!"

அழுதுட்டிருந்த புள்ளை கெக்கேபிக்கேன்னு சிரிச்சிருச்சு. மூணு பேரும் குழியில இறங்கினோம். முதல் அம்பை ஒடிசா அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு, "மில் கயா! கிடைச்சிருச்சு!"ன்னு கத்தினாரு. ஈரச் சருகு மூடியிருந்ததால வேர் காயவே இல்லை. அப்புறம் ரெண்டு, மூணு, அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் நாங்க போட்ட கூச்சல்ல, அக்கட்டால சுத்திப் பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஓடியாந்து குழியைச் சுத்தி நின்னு எண்ண ஆரம்பிச்சிருச்சுங்க. ஆறு! ஏழு! எட்டு! ஒன்பது கிடைச்சுது. பத்தாவது கிடைக்கவே இல்லை. மேடம் போதும்னாங்க. நானா விடுவேன்? கார்ட்டன்ல ஒரு பீஸ் குறைஞ்சா எனக்குத் தூக்கம் வராது. அடிச் சருகு வரைக்கும் கிளறினேன். இருந்துச்சு. பாதி இலைதான் மிச்சம். அதுல ஒரு பச்சைப் புழு, என் ஸ்டிக்கரைச் சுத்தி வளைச்சுக் கடிச்சுட்டு, ஸ்டிக்கரை மட்டும் விட்டு வெச்சிருந்துச்சு. உங்க ஸ்டிக்கரை அதுவே ரிஜெக்ட் பண்ணிருச்சுக்கான்னு மேடம் சொன்னாங்க.

அன்னைக்கே எல்லாத்தையும் புதுப் பையில நட்டோம். ஒடிசா அண்ணன்கிட்ட, "கத்தினது தப்புங்கண்ணா, இனி நீங்க சொன்னா காது குடுத்துக் கேப்பேன்"னேன். "எனக்குத்தான் காது கேக்காது அக்கா"ன்னாரு, குறும்புக்கார மனுஷன்.

ஏழு பொழைச்சுது. பூங்காவோட தெக்கு மூலையில இன்னைக்கு என்னை விட ஒசரமா நிக்குதுங்க. வருஷம் தவறாமப் புழு மொட்டையடிக்கும், வருஷம் தவறாமத் துளிர்க்கும். போன பங்குனியில முதல் தடவையா ஒண்ணு பூத்துச்சு. வெள்ளைப் பூவு, நீள நீளமா மீசை வெச்ச மாதிரி. அன்னைக்கு மேடம் நோட்டை என் கையில குடுத்து, நீங்களே எழுதுங்கக்கான்னுச்சு. 'மாவிலங்கம், முதல் பூ'ன்னு எழுதினேன். என் பழைய செக்கிங் செட்டு பொம்பளைங்களை அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்து காட்டினேன். கழுகுக்கு வந்த வாழ்வைப் பாருங்கடின்னாளுங்க.

அந்தப் பூவு காயாகி, பழுத்து, விதையாகி, இந்த வருஷம் தட்டு நிறையக் கன்னு. மேடம் ஊர் ஊருக்குக் குடுத்து அனுப்பறாங்க. போன வாரம் குளத்தங்கரை ஊர்ல இருந்தே ஒரு அம்மா வந்துச்சு. அந்த மரத்தடியிலதான் எங்கம்மா என்னைத் தூளி கட்டிப் போட்டதுன்னு சொல்லிச்சு. மரம் போனதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்லையாம்.

நான் ஒரு கன்னை எடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்துட்டு, "ஏனுங், இலையெல்லாம் ஓட்டையா இருக்குதுங்களே. பார்த்து நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னுச்சு.

நான் பையைத் துழாவினேன். தாள்ல கடைசியா ஒரு ஸ்டிக்கர் மிச்சம் இருந்துச்சு. பெரிய ஓட்டையாப் பார்த்து அம்பை ஒட்டி அந்தம்மா கையில குடுத்தேன்.

"இது உங்கூரு மரம்தானுங்க. நான் சொல்லலை, பூச்சி பார்த்து பாஸ் பண்ணியிருக்குது."

அந்தம்மா ஓட்டையைத் தடவிப் பார்த்துச்சு. அப்புறம் கன்னை முந்தானையில மூடிக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிருச்சு.