மணப்பாட்டு மணலில் அடைபட்ட காற்று

காலை 7.30. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். டீ பதினைந்து ரூபாய். மணப்பாடு போய்த் திரும்பக் காருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் செல்வக்குமார் அண்ணாச்சி. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நான், மாணவர்களுக்குக் காட்ட ஒரு கிலோ கடற்கரை மணல் எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மணலுக்கா இம்புட்டுத் தூரம் வாரிய?"

"மணலுக்குள்ள இருக்கிற வாயுவுக்கு அண்ணாச்சி. ஹீலியம்."

உப்பளங்களைத் தாண்டி, பழையகாயல், ஆத்தூர், சாகுபுரம் வழியாகப் போகையில் அவருக்கு விளக்கினேன். மணப்பாட்டுக் கருமணலில் மோனசைட் என்று தேன் நிறத்தில் ஒரு கனிம மணி கலந்திருக்கும். அதற்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் ஓயாமல் சிதைகிறது. சிதையும்போதெல்லாம் அதிலிருந்து தெறிக்கும் துகள்தான் ஹீலியமாகிறது. அது வெளியேற வழியின்றி மணிக்குள்ளேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். நிலத்தின் ஆழத்திலும் இதே கதைதான். பாறைகளிலிருந்து கசிந்து, இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து தேங்கி நிற்கும். அது தேங்கியிருக்கும் நாடுகளிலிருந்துதான் நமக்குக் கப்பலில் வருகிறது.

9.10. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில் நின்றது. அதன் அடிவாரத்தில் அலை ஒதுங்கிய இடமெல்லாம் கருப்பு வரிகள். கதிர்வீச்சு அளக்கும் கருவியை இயக்கினேன். வெள்ளை மணலில் எப்போதாவது ஒரு 'டிக்'. கருப்பு வரிமேல் பிடித்ததும் அது இடைவிடாமல் அடித்தது. ஆள் நடமாட்டம் இல்லை. காற்றும் நின்றிருந்தது. காலுக்குக் கீழே என்னவோ பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது.

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி பின்னால் போனார். "அதை நிப்பாட்டுங்கம்மா. உசிரு இருக்க மாதிரி கேக்குது."

12.40. ஊருக்குள் மீன்குழம்புச் சாப்பாடு, நூற்றிருபது ரூபாய். வீட்டு முன்னறையிலேயே சமைத்துப் போடுகிறவர் ரோஸ்லின் அக்கா. ஐம்பது வயதிருக்கும். நானும் அண்ணாச்சியும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவர், குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஹீலியம்னா சொன்னிய? எங்க வீட்டுக்காரரு அந்தக் காத்துக்குள்ளதான் இருந்தாவ."

அவர் கணவர் தொபியாஸ், பம்பாய்க் கடலில் எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போன ஆழ்கடல் முக்குளிப்பாளர். அந்த வேலையில் நாலு பேர், கடலடி அளவுக்கு அழுத்தம் ஏற்றிய ஓர் இரும்பு அறைக்குள் வாரக்கணக்கில் அடைந்திருக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்று போதையேற்றும் என்பதால், ஆக்சிஜனோடு ஹீலியத்தைக் கலந்து கொடுப்பார்கள். அதில் பேசினால் குரல் கீச்சென்று மாறிவிடும். உள்ளிருந்து அவர் பேசியதை வெளியே இருந்த ஒருவர் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன்பே, பம்பாய் ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் தொபியாஸ் இறந்துபோனார். ஆறு வருடமாகிறது.

அக்கா கைப்பேசியை எடுத்துப் போட்டுக் காட்டினார். குருவிக்குஞ்சு கத்துவது போன்ற ஒரு குரல், இருபது விநாடி. அதில் 'ரோஸு' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"மொதல்ல கேட்டப்ப சிரிச்சேன். செத்த சேதி வந்த பொறவு சிரிக்க முடியல. கடைசியில என்ன சொல்லுதாவன்னு இன்னி வரைக்கும் தெரியாது. உங்களுக்கு அந்தக் காத்தைப் பத்தித் தெரியுதே, கேட்டுச் சொல்லுவியளா?"

வகுப்புகளைப் பதிவு செய்ய என் மடிக்கணினியில் ஒலி திருத்தும் மென்பொருள் வைத்திருந்தேன். பதிவை ஏற்றி, குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். முதலில் குழந்தை. பிறகு பெண். பிறகு யாருடையது என்றே சொல்ல முடியாத ஒன்று. நாலாவது முறை, அந்த இரும்பு அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் பேசினான்.

"ரோஸு, இங்கன நாலு பேரு இருக்கோம். எல்லாருக்கும் ஒரே குரலு. ராத்திரி யாரோ தூக்கத்துல உன் பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. நான்தானான்னு எனக்கே தெரியல."

அண்ணாச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுகளாத்தான் இருக்கும். வேற யாருக்கு என் பேரு தெரியும்?"

திருத்திய பதிவை அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். பழையதை அழித்துவிட வேண்டாம் என்று அவரே சொன்னார். சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

2.15. மணல் பையைக் காரில் ஏற்றினோம். அக்கா வாசல்வரை வந்தார்.

"அவுக இருந்த ரூமைத் தொறந்த பொறவு, உள்ள இருந்த காத்து எங்கம்மா போவும்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்சத்தைத் திருப்பிப் பிடிச்சுக்குவாங்கக்கா. மிச்சம் மேல போயிரும். ரொம்ப லேசானது. பூமியால அதைப் பிடிச்சு வைக்க முடியாது. வானத்தையும் தாண்டிப் போயிரும்."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு என்னைக் கூப்புட்ட மூச்சு இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, எச்சில் இலைகளை எடுக்க உள்ளே போனார்.