ஷிபாவின் தொட்டியில் முளைத்த களை

கழக்கூட்டம் என்கிற ஊரில் எங்கள் பக்கத்து பிளாட்டில் இருக்கும் ஷிபாவுக்கு ஐ.டி. கம்பெனியில் பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டிலும் அதே குணம். கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறாள். அதில் சின்னத் துண்டாக வாங்கிப் போட்ட மென்பவழம் என்கிற கடலுயிர் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. பிள்ளை மாதிரி வளர்க்கிறாயே என்றால், பிள்ளைகூட இவ்வளவு படுத்தாது என்பாள்.

ஒரு நாள் பாறை இடுக்கில் பழுப்பாய் ஒரு பூ தெரிந்தது. பார்க்கத்தான் பூ. பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கொன்றுவிட்டுத் தான் பரவுகிற பிராணி அது. அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம். சபைக்காரர்கள் வருவார்களே என்று, ஷிபா ஆபீசிலிருந்து திரும்புமுன் அவள் கணவன் ஆன்சன் தேங்காய் நாரால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டான். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. அந்தச் சனியனின் துணுக்கு விழுந்த இடமெல்லாம் புதிதாக ஒன்று முளைக்கும். கொஞ்ச நாளில் பாறை முழுக்க அதுதான்.

தொட்டியையே கொடுத்துவிடலாம் என்றான் ஆன்சன். ஷிபா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவில் கலப்பில்லாத சுண்ணாம்பு வாங்கி வந்து குழைத்து, ஊசிக்குழலில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தாள். மொத்தமாக வைத்தால் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும் என்பதால் தினமும் கொஞ்சம்தான். வைத்த இடம் சுருங்கிக் கரைந்தது. இன்னொரு இடத்தில் தலை நீட்டியது. அவளும் விடுவதாக இல்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, மென்பவழத்தின் அடித்தண்டோடு ஒட்டிக்கொண்டு. அங்கே சுண்ணாம்பு பட்டால் பவழமும் வெந்துபோகும்.

"ஒண்ணுதானே, கெடந்துட்டுப் போட்டும்" என்றான் ஆன்சன்.

"ஒண்ணுல இருந்துதானே இவ்வளவும் வந்துது."

புது பிளேடு எடுத்தாள். பவழத்தின் ஓரத்தில் ஒரு கீற்றை மட்டும் அறுத்து, ஒட்டி வளரட்டும் என்று வேறு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டினாள். மீதி முழுவதையும், நல்ல பாகமும் சேர்த்து, கல்லோடு வெளியே எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆன்சன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

"வேண்டாம். வளத்தது நானாக்கும்."

மொட்டை மாடி வெயிலில் கல்லை வைத்துவிட்டு, அது காயும்வரை பக்கத்திலேயே நின்றாள்.