அக்னஸ் தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீர்

ஒரு சாவுக்குத் தான் காரணமா இல்லையா என்பது தெரியாமலே ஒருத்தி எத்தனை காலம் சோறு தின்று, வேலைக்குப் போய் வர முடியும்? கிளியனூர் அக்னஸைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

அக்னஸ் களையெடுக்கப் போகும் கூலிக்காரி. யாரிடமும் குரல் உயர்த்தாதவள். சண்டை போடத் தெம்பில்லாததையும் ஊர் பொறுமை என்றே எடுத்துக்கொள்ளும். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம்தான் அதற்கு வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் அவளைத் தேடி வந்து கூப்பிடுவார்கள்.

2005 மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கலையரசிக்குத் திண்டிவனத்தில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்னஸைக் கூப்பிட்டாள்.

"நீயே வையி அத்த. என்ன மாதிரி வாயாடியா வந்துச்சின்னா எவ கட்டிக்குவா இவன?"

"உன் வாயில பாதியாச்சும் வேணும்டி, பொழைக்கணுமில்ல," என்று சிரித்தபடி அக்னஸ் விரலை நனைத்தாள். அந்த வாரம் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது.

சில நாளில் குழந்தை பால் குடிப்பதை விட்டது. உடம்பு கொதித்தது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி என்றார்கள். வழக்கமான மருந்து கேட்கவில்லை. சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் கிருமி ஊதா நிறமாக வளர்ந்திருந்தது. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருப்பது, பிறந்த குழந்தையிடம் தான் இதுவரை பார்த்ததில்லை என்றார் டாக்டர். மருந்தை மாற்றினார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

"வாயில எதுனா குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தாங்க சர்க்கரத் தண்ணி வெச்சேன்," என்றாள் கூடப் போயிருந்த அக்னஸ்.

"அதாலதான் வந்துச்சின்னு சொல்ல முடியாதும்மா. குளிப்பாட்டின தண்ணியா இருக்கலாம், தொப்புள் வழியா போயிருக்கலாம். ஆனா இனிமே தாய்ப்பாலத் தவிர எதுவும் வைக்காதீங்க."

டாக்டர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பாள். அவளுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. ஊர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

அடுத்துக் கலையரசிக்குப் பெண் பிறந்தபோது அவளே அக்னஸுக்கு ஆளனுப்பினாள். வீடு நிறையப் பெண்கள். கலையரசி கிண்ணத்தை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"காய்ச்சின தண்ணிதான் அத்த. நீ வெக்கலன்னா, நீதான் கொன்னேன்னு இவளுங்க முடிவு பண்ணிக்குவாளுங்க. வையி."

அக்னஸ் கிண்ணத்தை வாங்கினாள். டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தாள். பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தைக் கலையரசியிடம் கொடுத்து, களையெடுக்கப் போய்விட்டாள்.