மூன்று நகரத்துக் குறட்டை

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். அக்கா வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பாள். ஆள் பொய் சொல்லலாம், செருப்புக்கு வாயில்லை என்பது அவள் கட்சி. நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெடுக்கிற வேலை. கதவைத் தட்டித் தட்டி "எத்தனை பேர்?" என்று கேட்டதில் 'எத்தனை பேர் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

செருப்புக்கு அடுத்து பல் பிரஷ். "கொஞ்சம் கை கழுவிக்கட்டுமா?" என்று குளியலறைக்குள் போவாள். டம்ளரில் நிற்கும் பிரஷ்களை எண்ணிவிட்டு, கையைக் கழுவாமலே வெளியே வருவாள். வீட்டு ஓனருக்குப் பயந்து நாலு பேர் என்று சொல்லும் வீட்டில் ஏழு பிரஷ் இருக்கும். அரசாங்க வீடு கிடைக்கும் என்ற நப்பாசையில் ஒன்பது பேர் என்று சொல்லும் வீட்டில் மூன்றுதான் இருக்கும். அதிலும் ஒன்று சீப்பு தேய்க்கிற பிரஷ்.

அந்த வருடம், ஒட்டிக்கொண்டிருந்த மூன்று நகரங்கள் சேர்ந்து ஒரே கணக்கெடுப்பு நடத்த முடிவு செய்தன. கிழக்கு, நடு, மேற்கு. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது. ஒரு முடிவெட்டும் கடையில் ஒரு நாற்காலி கிழக்கு நகரத்திலும் அடுத்த நாற்காலி நடு நகரத்திலும் இருந்தது. அடுத்த பத்து வருடத்தில் எத்தனை வீடு வேண்டும், எப்படிப்பட்ட வீடு வேண்டும், வாடகை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்து மாத வேலை. அக்காவின் பங்குக்கு அறுநூற்று நாற்பது வீடு.

வாடகையைக் கேட்பதுதான் பெரும்பாடு. எவ்வளவு என்று கேட்டால், "எதிர் வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். அக்கா வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவாள். உடனே அதற்கு மேல் ஐந்நூறு கூட்டிச் சொல்வார்கள். தெருவின் இந்த முனையில் ஆறாயிரமாக இருந்த வாடகை, அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினோராயிரமாக வளர்ந்துவிட்டது. "வாடகை வடக்கு நோக்கி வேகமா ஏறுது" என்று அதிகாரி அம்புக்குறி போட்டார். மறுநாள் அதே தெருவை அக்கா அந்த முனையிலிருந்து ஆரம்பித்தாள். வாடகை தெற்கு நோக்கி ஏறியது. அதற்கப்புறம்தான் அவளுக்கு வாயைக் கட்டும் புத்தி வந்தது.

அந்த அதிகாரி வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. படிப்பில் புலி. வரைபடத்தில் ஒரு கோடு மேலே ஏறினால் அவர் முகமும் கூடவே ஏறும்.

முதல் மாதம், கிழக்கு நகரத்தில் ஒரு மூன்றாவது மாடி வீடு. நாலு பேர் என்றாள் வீட்டுக்காரி. குளியலறையில் ஐந்து பிரஷ். ஐந்தாவது பச்சை நிறம், பிடியில் மஞ்சள் ரப்பர் பேண்டு. பால்கனியில் காய்ந்த போர்வைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"போர்வைக்குக் கால் முளைச்சிருக்கே?"

"எங்க அண்ணன்க்கா" என்று வீட்டுக்காரி ஒப்புக்கொண்டாள். "அறுபத்தெட்டு வயசு. தனி ஆளு. லிப்ட் ஆபரேட்டரா இருந்து ரிட்டயரானவரு. ஓனருக்குத் தெரிஞ்சா வம்பு, அதான்."

'தனி வீடு தேவைப்படும் முதியவர், ஒருவர்' என்று அக்கா கையிலிருந்த டேப்லெட்டில் பதிந்தாள்.

ஐந்தாவது மாதம், நடு நகரம். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து கடகடவென்று ஓர் இரைச்சல்.

"என்ன சத்தம்?"

"தண்ணி மோட்டார்க்கா."

"கரண்ட் போயி அரை மணி நேரமாச்சே."

வீட்டுக்காரி கொஞ்சம் யோசித்தாள். "எங்க அண்ணன்" என்றாள். அறுபத்தெட்டு வயது, தனி ஆள், ஓய்வுபெற்ற லிப்ட் ஆபரேட்டர். இந்த ஊரில் லிப்டை விட லிப்ட்காரர்கள் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தபடி அதையும் பதிந்தாள். அன்றைக்கு வீட்டில் தண்ணீர் வராததால் கை கழுவக் கேட்க முடியவில்லை.

ஒன்பதாவது மாதம், மேற்கு நகரம். பெரியவரே கதவைத் திறந்தார். தங்கை கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். அக்கா விவரம் கேட்டுப் பதிந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போலக் குளியலறைக்குள் போனாள். டம்ளரில் பச்சை பிரஷ். மஞ்சள் ரப்பர் பேண்டு. அவள் நேரே வெளியே வந்து, பெரியவரின் கால்களைக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, நீங்க கிழக்குல போர்வைக்குப் பின்னாடி நின்னவருதானே?"

"ஆமாம்மா" என்றார் லிப்ட்காரர் கூச்சத்தோடு. "நடுவுல மோட்டாரும் நான்தான்."

அவர் இருந்த பழைய கட்டடத்தைக் கணக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே இடித்துவிட்டார்கள். மூன்று தங்கைகளும் தங்கமானவர்கள், வா அண்ணா என்று கூப்பிட்டார்கள். ஆனால் அவர் விடுகிற குறட்டையை எந்தக் கட்டடமும் நாலு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. நாலாவது மாதம் கீழ்வீட்டார் படியேறி வருவார்கள். அண்ணன் பெட்டியோடு படியிறங்குவார். முதியோர் வீட்டுக்கு எழுதிப்போடலாம் என்றால், ஒரே நகரத்தில் ஒரு வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்பது மூன்று நகரங்களிலும் சட்டம்.

"முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட்ல ஏறி இறங்கினேன். எந்த மாடியும் என் மாடி இல்ல. இப்பவும் அதே கதைதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒளிந்திருக்கிற ஆட்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, பிரமாதம்! மாதிரிக் கணக்குல நீங்க பார்க்கிற ஒவ்வொரு வீடும் ஐந்நூறு வீட்டுக்குச் சமம். மூணு பெரியவங்கன்னா ஆயிரத்து ஐந்நூறு பேர். தனியா வாழற லிப்ட் ஆபரேட்டர்கள்! மூணு நகரத் தலைவர்களுக்கும் சொல்லிட்டேன்."

"சார், அது ஆயிரத்து ஐந்நூறு இல்ல."

"அதை விடக் கூடவா?"

"ஒண்ணு."

"ஒரு ஆயிரமா?"

"ஒரு ஆளு சார்."

அதிகாரியின் முகத்தில் கோடு சரசரவென்று இறங்கியது. மறுநாள் மூன்று மணிக்குத் தலைவர்கள் கூட்டம். இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? "நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்று தலையில் கை வைத்தார்.

"அப்ப ஆளையே கூட்டிட்டு வரேன்" என்றாள் அக்கா.

கூட்டத்தில் முதலில் சண்டை. ஆயிரத்து ஐந்நூறு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள், நிதி எங்களுக்கே என்று மூன்று தலைவர்களும் மேசையைத் தட்டினார்கள். அதிகாரி எழுந்து, நாக்கு குழற, உண்மையைச் சொன்னார். உடனே மூன்று பேரும் சேர்ந்தாற்போல், "அந்த ஆளு எங்க ஊர் இல்ல" என்றார்கள். கூட்டுக் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்.

அதிகாரி ஆறாவது படத்தைத் திரையில் போட்டார். அறையில் ஏசி இதமாக இருந்தது. மெத்தை வைத்த நாற்காலி. அக்கா கூட்டிவந்து உட்கார வைத்த லிப்ட்காரர் கண்ணை மூடினார்.

முதலில் மேற்கு நகரத் தலைவர் லாரி ஏதோ வருகிறது என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார். அடுத்து மேசைமேல் கிளாசில் இருந்த தண்ணீர் நடுங்கியது. குறிப்பெடுக்கிறவர் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுத முயன்று, 'கொர்ர்' என்று மூன்று வரி எழுதி, பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரி வாயசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கிழக்கு நகரத் தலைவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "நாலு மாசமா? இதை நாலு மாசம் தாங்கினாங்களா? அந்தக் கீழ்வீட்டுக்காரங்களுக்கு ஒரு விருது குடுக்கணும்யா!"

காது கொஞ்சம் மந்தமான நடு நகரத் தலைவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் வழி தோன்றியது. மூன்று நகரத்துக்கும் பொதுவான நீரேற்று நிலையம் ஒன்று எல்லையில் இருந்தது. அதன் வளாகத்தில் ஊழியர் குடியிருப்பு, ஓர் அறை, சமையலறை, குளியலறை. பெரிய மோட்டார்களின் இரைச்சல் தாங்காமல் பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

"அங்க இவரு குறட்டை விட்டா யாருக்குக் கேக்கப் போகுது?"

"இவருக்கு மோட்டார் சத்தம் ஒத்துக்குமா?" என்றாள் அக்கா.

"தன் சத்தத்துலயே தூங்கற மனுஷனுக்கு மோட்டார் எம்மாத்திரம்?"

ஒரு வருட விதிக்கும் வழி பிறந்தது. மூன்று நகரத்திலும் நாலு நாலு மாதம் இருந்தால் கூட்டிப்பார்க்க ஒரு வருடம்தானே என்று அதிகாரியே எழுந்து சொன்னார். அவர் போட்ட கணக்கிலேயே யாரும் குறை சொல்லாத கணக்கு அதுதான். தீர்மானம் எழுதி, மூன்று கையெழுத்தும் விழுந்த பிறகுதான் லிப்ட்காரரை உலுக்கி எழுப்பினார்கள். "எந்த மாடி?" என்று கேட்டபடி விழித்தார்.

"தரைதான் ஐயா" என்றாள் அக்கா.

அவர் குடிபோன மறுநாள் காலையில் மோட்டார் இயக்குகிறவரிடம், "சத்தம் ஏதும் இருந்துச்சா?" என்று விசாரித்தாள். "என்னது?" என்றார் அவர். அந்த வேலையில் காது போய் ஆறு வருடமாகிறதாம். மூன்று தங்கைகளும் முறை போட்டு வந்து போனார்கள். பகலில் மட்டும்.

ஆயிரத்து ஐந்நூறு பேர் போனதும் அறிக்கையில் பள்ளம் விழும் என்று அதிகாரி பயந்தார். விழவில்லை. அக்கா தன் வீடுகளில் பாதிக்கு மறுபடியும் போனாள், இந்தத் தடவை, "ஏன் ஒளிஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள். போர்வைக்குப் பின்னாலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லாரும் வெவ்வேறு ஆட்கள்தானா என்று பிரஷோடு சரிபார்த்துக்கொண்டாள். அடுத்த வருடப் படிவத்தில், 'இந்த வீட்டில் நன்றாகத் தூங்க முடிகிறதா?' என்று புதிதாக ஒரு கேள்வியும் ஏறியது.

படிவத்தைச் சோதித்துப் பார்க்க அக்கா முதலில் அதைத் தன் வீட்டிலேயே நிரப்பினாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்தும் பொறுமைசாலி. இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் தொண்டையைச் செருமினார்.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ தூக்கத்துல எண்ணுறே."

"நானா? எத்தனை வரைக்கும்?"

"நேத்து நானூத்திப் பன்னண்டு. நடுவுல விட்டுட்டு, திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சே. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அக்கா தனக்கு 'ஆம்' என்றும் அவருக்கு 'இல்லை' என்றும் நேர்மையாகக் குறித்து அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் அதிகாரி போன் செய்து, ஒரே அறையில் எப்படி இரண்டு பதில் வரும், கை தவறிவிட்டதா என்று கேட்டார்.

"கல்யாணம் ஆகட்டும் சார், புரியும்" என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.