ஒரு மதகுக்குப் பதினோரு க்ளிக்

ஒரு மதகைத் திறக்கப் பதினோரு க்ளிக்! இந்த கேமை உருவாக்கியவரை நேரில் பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

ஆறு, வாய்க்கால், வயல், ஜனம் என்று ஒரு ஊரையே நாம் நடத்த வேண்டிய கேம். அப்படியொரு ஆழம். ஆனால் மதகு எந்த மெனுவில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாள்.

இன்று திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துத் திட்டிக்கொண்டே ஆடினேன். பக்கத்தில் என் ஆபீஸ் கலா.

"இவ்வளவு திட்டுறீங்களே, டெலீட் பண்ணிட வேண்டியதுதானே?"

எனக்கு வந்ததே கோபம்! "எதை டெலீட் பண்ணச் சொல்றீங்க? நேத்துதாங்க கடைமடை வயலுக்குத் தண்ணி போய்ச் சேந்திருக்கு!"

"கடைமடைக்கா மொதல்ல விட்டீங்க?" என்று சிரித்தார். அவர் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் உள்ள தலைமடைக்காரர். அவர்கள் வயல் நிறைந்து மிஞ்சினால்தான் வாய்க்கால் கடைசியில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீர்.

"ஆமாங்க. தலைமடை கொஞ்சம் காயட்டும்."



பதினோரு க்ளிக் அநியாயம்தான். ஆனால் பதினொன்றையும் அமுக்கினால் தண்ணீர் வந்துவிடுகிறது. எங்கள் நிஜ வயலுக்கு எதை அமுக்க வேண்டும்? மெனு தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.